லிட்டருக்கு 18 கி.மீ. – யார் ரோட்டில்?

கார் வாங்கப்போனால் நம்ம ஊரில் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?" ஷோரூமில் பட்டென்று ஒரு எண் சொல்வார்கள், கூடவே "ஏ.ஆர்.ஏ.ஐ. சர்டிஃபைடு சார்" என்று ஒரு முத்திரை. அந்த எண் பொய் இல்லை. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

இந்தச் சோதனையில் கார் ரோட்டுக்கே வராது. ஆய்வகத்தில் உருளைமேல் சக்கரம் சுற்றும். மொத்தம் 1,180 விநாடி, 11 கி.மீ.க்கும் குறைவு, வேகம் 90ஐத் தாண்டாது, ஏ.சி. ஆஃப். புகையில் உள்ள கார்பனை அளந்து, எரிந்த பெட்ரோலைக் கணக்குப் போடுவார்கள். பழைய ஐரோப்பியச் சோதனையின் வேகத்தைக் குறைத்து நாம் எடுத்துக்கொண்டது இது. ஐரோப்பாவோ 2017ல் அதை விட்டு, 30 நிமிடம், 23 கி.மீ., 130 வரை வேகம் என்று கடினமான சோதனைக்கு மாறத் தொடங்கியது. அப்படியும் 2021ல் பதிவான கார்களில் பதிவாகியிருந்த உண்மையான செலவைப் பார்த்தால், பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிடச் சுமார் 20% அதிகம் குடித்திருந்தன.

"சோதனை ஒப்பிடத்தானே, எல்லா காருக்கும் ஒரே விதிதானே?" என்பார்கள். பாதி சரி. மென்மையான சோதனையில் சின்ன டர்போ இன்ஜின் நல்ல பிள்ளையாக இருக்கும். நாலு பேர், லக்கேஜ், ஏ.சி. என்று பாரம் ஏறினால் குடிக்கும். அதனால் எண் மட்டுமல்ல, தரவரிசையே மாறலாம்.

நகர நெரிசலுக்கு வருவோம். 1.5 லிட்டர் பெட்ரோல் கார் நின்றபடி, ஏ.சி.யோடு, மணிக்குத் தோராயமாக 1 லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. போக 2 மணி நேரம். இந்த வகையில் 2 லிட்டர். சாயங்கால ஓ.எம்.ஆர். நெரிசலில் 10 கி.மீ. வேகம் என்றால் 10 மணி நேரம், 10 லிட்டர்! காரை நகர்த்துவதற்கான செலவு இன்னும் சேரவில்லை. நகரத்தில் மைலேஜைத் தின்பது தூரம் இல்லை, நேரம்.

என் பெரிய புகார் அலகின் மேல். லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்பது தலைகீழ்க் கணக்கு. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவர் 10 தரும் காரிலிருந்து 12 தரும் காருக்கு மாறினால் மிச்சம் சுமார் 17 லிட்டர். 18லிருந்து 22க்கு மாறினால் மிச்சம் 10 லிட்டர்தான். வித்தியாசம் இரண்டா நாலா என்று பார்த்தால் ஏமாந்துவிடுவோம். லாரிக், சோல் இருவரும் 2008ல் 'சயின்ஸ்' இதழில் சுட்டிக்காட்டிய குழப்பம் இதுதான். அமெரிக்காவில் 2013 மாடல்களிலிருந்து ஸ்டிக்கரிலேயே 100 மைலுக்கு எத்தனை கேலன் என்றும் போடுகிறார்கள்.

கூடுதலாக ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து ஹைபிரிட்டோ டீசலோ வாங்குபவர், "எத்தனை வருஷத்துல காசு திரும்பும்?" என்று கணக்குப் போடுவது இந்த ஸ்டிக்கர் எண்ணை நம்பித்தான். அவருக்கு வேண்டியது ஏ.சி. போட்டு அளந்த இரண்டு எண்கள்: நகரத்தில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர், நெடுஞ்சாலையில் எத்தனை. அது வரும்வரை, டேங்க் ஃபுல் செய்து ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். அடுத்த ஃபுல்லுக்குப் போட்ட லிட்டரை 100ஆல் பெருக்கி, ஓடிய கி.மீ.யால் வகுங்கள். நாலைந்து டேங்க் சராசரி எடுத்தால், அதுதான் உங்கள் ரோட்டின் எண்.