உளவியல் ஆய்வில் நேர்காணல்: ஒரு திறனாய்வு

உளவியலில் பண்புசார் ஆய்வு செய்வோர் மிகுதியாகப் பயன்படுத்தும் தரவு திரட்டும் முறை நேர்காணல் ஆகும். எண்ணால் அளக்கும் வினாப்பட்டியல் "எத்தனை பேருக்கு", "எந்த அளவுக்கு" என்று கேட்கிறது. நேர்காணலோ ஒருவர் தமக்கு நேர்ந்ததை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதை அவருடைய சொற்களிலேயே அறிய முயல்கிறது. இம்முறையின் பயனையும் குறையையும் வடசென்னையின் நெட்டுக்குப்பத்தை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

வகைகளும் முன்னோடியும்

நேர்காணல் மூவகைப்படும். எல்லாரிடமும் ஒரே வினாக்களை ஒரே வரிசையில் கேட்பது கட்டமைத்த நேர்காணல். சில முதன்மை வினாக்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்கேற்பத் தொடர்வது அரைக்கட்டமைப்பு நேர்காணல். பேசுபவரின் போக்கிலேயே செல்வது கட்டமைப்பற்ற நேர்காணல். இன்றைய உளவியல் ஆய்வுகளில் இரண்டாவது வகையே பரவலாக உள்ளது.

பி.எட். படித்தவர்கள் அனைவரும் ஜீன் பியாஜேயின் அறிவு வளர்ச்சி நிலைகளை அறிவார்கள். அவர் அவற்றுக்கு வந்து சேர்ந்த வழிகளுள் ஒன்று, குழந்தைகளோடு உரையாடிய முறை. 1926இல் வெளிவந்த நூலில் அவரே அதன் ஆபத்துகளையும் எடுத்துக்காட்டினார். குழந்தை யோசிக்காமல் எதையாவது சொல்லிவைக்கலாம், கதை கட்டலாம், கேட்பவர் எதிர்பார்ப்பதை ஊகித்து அதையே விடையாகத் தரலாம். இம்மூன்றையும் தானாகத் தோன்றிய எண்ணத்திலிருந்து பிரித்தறிய வேண்டும் என்பது அவர் கருத்து. இந்த எச்சரிக்கை பெரியவர்களிடம் எடுக்கும் நேர்காணலுக்கும் பொருந்தும்.

நெட்டுக்குப்பத்தில் கேள்வி கேட்பது

நெட்டுக்குப்பம் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ள நீரோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. படகிலும் வலையிலும் எண்ணெய் அப்பியது, தொழில் முடங்கியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, அருகிலுள்ள பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் இருட்டில் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இத்தகைய ஊரின் மனநிலையை அறிய ஓர் உளவியல் மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறார் என்று கொள்வோம். அவருக்கு முன்பே கணக்கெடுப்பவர்கள், செய்தியாளர்கள், கட்சிக்காரர்கள் வந்து போயிருப்பார்கள். இழப்பைக் கேட்டு எழுதுபவர் நிவாரணத்தோடு தொடர்புடையவர் என்று மக்கள் எண்ணுவது இயல்பு. எனவே "எண்ணெய்க் கசிவால் உங்கள் மனம் எவ்வளவு பாதிக்கப்பட்டது?" என்ற வினா, ஆய்வு வினாவாக அல்லாமல் மனுவுக்கான வினாவாகவே காதில் விழும். வரும் பதில் பொய்யல்ல. ஆனால் அது அந்தக் கேள்விக்கு, அந்த ஆளிடம் சொல்லப்பட்ட பதில். "அந்த வாரம் விடியற்காலையில் எழுந்தபின் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வேறொரு பேச்சு கிடைக்கக்கூடும்.

முக்கியமான குறை இதுவே. ஆய்வேடுகளில் பெரும்பாலும் பதில் மட்டும் மேற்கோளாக அச்சாகிறது, கேள்வி மறைந்துவிடுகிறது. ஜொனாதன் பாட்டர், அலெக்சா ஹெப்பர்ன் இருவரும் 2005இல் எழுதிய கட்டுரையில் இதைக் கடுமையாகச் சுட்டினர். நேர்காணல் என்பது இருவர் சேர்ந்து உருவாக்கும் பேச்சு. அதில் ஒருவரின் பங்கை வெட்டிவிட்டால் மற்றவரின் பங்கைச் சரியாகப் படிக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஸ்டெய்னர் குவாலே 1996இல் கூறிய உவமையும் இங்கே உதவும். ஆய்வாளரைச் சுரங்கம் தோண்டுபவராகவும் பார்க்கலாம், வழிப்போக்கராகவும் பார்க்கலாம் என்றார் அவர். முன்னவர் உள்ளே புதைந்திருப்பதை வெட்டி எடுப்பதாக நினைக்கிறார். பின்னவர் மக்களோடு நடந்து, பேசி, தாமும் மாறித் திரும்புகிறார்.

மொழிச் சிக்கல்

மீனவர் பேச்சில் "பாடு" என்பது மீன்பாட்டையும் குறிக்கும், படும் துன்பத்தையும் குறிக்கும். "பாடு இல்லை" என்பதை ஆங்கில ஆய்வேட்டில் வருமான இழப்பு என்று மட்டும் எழுதினால் அந்தச் சொல்லின் பாதி போய்விடும். "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு" என்பவற்றை நேராக நோய்க்குறியாக மாற்றுவதும் அவசரமே. மூலத் தமிழ்ப் பேச்சை ஆய்வேட்டில் சேர்க்காத வரையில், படிப்பவர் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வழியில்லை.

குழுவாகக் கேட்பது தீர்வாகுமா?

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதி மக்களிடம் ராஜ்குமார், பிரேம்குமார், தர்யன் ஆகியோர் குழு உரையாடல் வழியாக ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டனர். முறையான மனநலச் சேவைகளைவிடத் தங்கள் உறவு, சமூகம், இறைநம்பிக்கை சார்ந்த வழிகளையே மக்கள் பெரிதாக மதித்தனர் என்பது அதன் முக்கிய முடிவு. நோய்க்குறிப் பட்டியலோடு மட்டும் போயிருந்தால் இது கிடைத்திருக்காது. பண்புசார் முறையின் வலிமைக்கு இது நல்ல சான்று.

ஆயினும் குழு உரையாடலுக்குப் பொதுவான ஓர் எல்லை உண்டு. பலர் நடுவில் ஊரின் ஒருமித்த குரல் தெளிவாகக் கேட்கும். அதோடு ஒத்துப்போகாதவரின் குரல் அடங்கிவிடும். மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு எடை அதிகம். மீன் விற்கும் பெண்களும், ஆற்றில் கையால் இறால் பிடிப்பவர்களும் தனியே பேசினால் சொல்லக்கூடியது வேறாக இருக்கலாம். ஆகவே குழு உரையாடலும் தனி நேர்காணலும் ஒன்றுக்கொன்று துணையே தவிர, மாற்று அல்ல.

மதிப்பீடு

நேர்காணல் நம்பத்தகாத முறை என்பது இக்கட்டுரையின் முடிவு அல்ல. கேட்டவர் யார், யார் அழைத்து வந்தார், என்ன சொல்லி ஒப்புதல் பெற்றார், என்ன கேள்விக்கு இந்தப் பதில் என்ற நான்கையும் ஆய்வேடு சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்லாத ஆய்வேடு அரைகுறையானது.

இன்னொரு கடமையும் உண்டு. துயரத்தைத் திரும்பச் சொல்வது சொல்பவருக்குச் சுமை. "நிவாரணம் வாங்கித் தர என்னால் முடியாது, இது படிப்புக்கான ஆய்வு" என்று முதலிலேயே விளக்கிவிட வேண்டும். பேச்சை இடையில் நிறுத்திக்கொள்ளும் உரிமையையும் தெரிவிக்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் கண்டதைத் தமிழில் அந்த ஊரிலேயே படித்துக் காட்டுவது நல்லது. "நாங்க சொன்னது இது இல்லையே" என்று ஒருவர் திருத்தினால் அந்தத் திருத்தமும் தரவாகும். மதிப்பெண்ணுக்காகப் பத்து நேர்காணல் எடுத்து முடிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.