ஒட்டுக்கேட்க முடியாத வகுப்பறை

மூன்றாம் தவணையில் உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு ஒரு வாதக் கட்டுரை கொடுத்தேன்: 'இணையவழிக் கூட்டக் கருவிகள் வேலையிடங்களுக்கு இன்றியமையாதவை.' பன்னிரண்டு தாள்கள் வந்தன. பன்னிரண்டிலும் நேரம் மிச்சம், பணம் மிச்சம், பயணம் மிச்சம். அதன் பிறகு ஓர் 'இருப்பினும்'. அதன் பிறகு கண்வலி, இணையக் கோளாறு. முடிவில், அளவோடு பயன்படுத்தினால் நன்மையே. மொழியைக் குறைசொல்ல முடியாது. நாமே சொல்லிக்கொடுத்த அச்சுதானே! ஆனால் தொடக்கப்பள்ளியில் இருந்தபோதே வாரக்கணக்கில் இந்தக் கருவிகளின் முன்னால் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் இவர்கள். அந்த அனுபவத்திலிருந்து ஒரு வரிகூட ஒரு தாளிலும் இல்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. தலைப்பை வகுப்பில் எப்படி அலசுவது என்று நான் குறிப்பு எழுதியபோது, என் குறிப்பும் அதே பட்டியலாகத்தான் வந்தது. இத்தனை வருஷமா இந்தக் கருவிகளை வச்சுப் பாடம் நடத்துறோம். உட்கார்ந்து ஒரு விமர்சனம் எழுதிப் பார்த்ததில்லை. எதில் எத்தனை பேர் சேரலாம், எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லித்தரும் பட்டறைகளுக்குப் போயிருக்கிறோம். அது விமர்சனம் ஆகாது. ஒரு நூலைப் பற்றிப் பேசும்போது, இது யாருக்காக எழுதப்பட்டது என்று முதலில் கேட்கிறோம் அல்லவா? கருவிக்கும் அந்தக் கேள்விதான்.

பதிலை அந்தத் துறையே சொல்லியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி ஸூம் நிறுவனர் எரிக் யுவான் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு அதிகபட்சம் சுமார் 10 மில்லியனாக இருந்த கூட்டப் பங்கேற்பு, 2020 மார்ச்சில் 200 மில்லியனைத் தாண்டிவிட்டது என்றார். தம் தளம் முதன்மையாகப் பெரிய நிறுவனங்களுக்காக, அதாவது சொந்தமாகத் தொழில்நுட்பப் பிரிவு வைத்திருக்கும் இடங்களுக்காகக் கட்டப்பட்டது என்றும் அதிலேயே ஒத்துக்கொண்டார். அதே மாதம் இங்கே சிங்கப்பூரில், முழுமையாக வீட்டிலிருந்து கற்றல் தொடங்கிய முதல் நாட்களிலேயே, ஓர் உயர்நிலைப் பள்ளி வகுப்புக்குள் முன்பின் தெரியாதவர்கள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். ஆசிரியர்கள் ஸூமைப் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு நிறுத்திவைத்தது. சில நாட்களில் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் மறுபடி அனுமதித்தது. காத்திருப்பு அறையும் கடவுச்சொல்லும் நமக்கு அப்படித்தான் பழக்கமாயின. பாதுகாப்பு ஓட்டையை அடைத்தாயிற்று. ஆனால் 'இது நிறுவனங்களுக்காகக் கட்டப்பட்டது' என்ற மூல விஷயம் அப்படியேதான் இருக்கிறது. பாதுகாப்பில் மட்டுமா அது வெளிப்படும்?

அலுவலகக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நிகழ்ச்சி நிரல் உண்டு. ஒருவர் படைக்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். பேச வேண்டியவர் முறை வரும்போது பேசுகிறார். அமைதியாக இருப்பவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. முடிவு எடுத்தால் கூட்டம் வெற்றி. இந்தச் செயலிகள் எல்லாமே இந்தச் சித்திரத்தின் மேல்தான் நிற்கின்றன. அதனால்தான் ஒலி முடக்கம் நல்ல பழக்கம் ஆயிற்று, பக்கத்துப் பேச்சு இரைச்சல் ஆயிற்று.

தமிழ் வகுப்பில் அந்த இரைச்சலில்தான் என் சம்பளமே இருக்கிறது. நான்கு குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்தால், ஒரு குழுவோடு பேசிக்கொண்டே மற்ற மூன்றையும் அரைக்காதில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஜன்னல் பக்கம் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார்கள், திரும்பிப் பார்த்தால் போதும். கதவுப் பக்கம் ஒருத்தி 'சுற்றுச்சூழல்' என்பதற்குப் பதிலாக 'சூழ்நிலை' என்கிறாள், பிறகு கவனிக்கணும். என் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் காதில் விழும் நேரமே குறைவு. அதில் பாதி, பக்கத்து மேசைக்காரன் என்னிடம் கேட்கும் கேள்வியும் நான் சொல்லும் பதிலும்தான். இதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பது. மொழி வகுப்பில் அது குற்றமில்லை, பாடம்.

இணையக் கூட்டத்தில் குழு அறைகள் திறந்தவுடன் நான்கு சுவர்கள் எழும்பிவிடுகின்றன. நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் மற்ற மூன்றும் எனக்கு இல்லை. நான் வந்ததும் பேச்சு தமிழுக்கு மாறுகிறது. போனதும் என்ன ஆகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மேல்நிலை அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கு இந்த ஏற்பாடு சரி. ஆசிரியருக்குக் காதை அடைத்தது மாதிரி.

ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்பதை 'விருந்தோம்புநர்' என்று தமிழாக்கியிருந்த ஒரு கையேட்டைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. விருந்தாளியின் வாயை அடைக்கவும், சொல்லாமல் வெளியே தள்ளவும் பொத்தான் வைத்திருப்பவரை அந்தச் சொல்லால் அழைத்தால் வள்ளுவர் என்ன நினைப்பாரோ! மாணவர்கள் 'கூட்ட நடத்துநர்' என்றே எழுதுங்கள்.

இனி ஒலி. அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் ஜி.114 என்ற பரிந்துரைப்படி, பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடலுக்குப் பெரும்பாலும் இடைஞ்சல் இருக்காது. உரையாடலுக்குச் சரி. சேர்ந்து வாசிப்பதற்கு? பன்னிரண்டு பேர் ஒரே பத்தியை ஒன்றாக வாசிக்கும்போது, தயங்குகிற பிள்ளை மற்றவர் குரலைப் பிடித்துக்கொண்டு போகும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு தாமதம் என்றால் பிடித்துக்கொள்ளக் குரலே இல்லை. போதாததற்கு, இரைச்சல் குறைப்பு என்ற வசதி பேச்சாகத் தெரியாத ஒலியை வெட்டுகிறது. இழுத்துப் பாடும் சந்தமும் சில சமயம் அதில் அடிபடுகிறது. இசைக் கலைஞர்கள் குறைபட்டதால் 'அசல் ஒலி' போன்ற அமைப்புகளைச் சில செயலிகள் தந்திருக்கின்றன. செய்யுள் நடத்தும் நாளில் அதைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரு வாய்மொழிப் பயிற்சியில் மாணவன் ஒருவன் 'வாழைப்பழம்' என்றான். ழகரமா ளகரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை அவனே கேட்டான்: "டீச்சர், நான் தப்பா சொல்றேனா, இல்ல லைன் தப்பா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மலிவு ஒலிவாங்கி, பலவீனமான இணைப்பு, இரைச்சல் குறைப்பு, அவன் நாக்கு, என் காது - இதில் எது என்று தெரியாமல் மதிப்பெண் போடுவது எப்படி? அன்று வாசிப்புக்கான கட்டத்தை வெற்றாக விட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவர் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் குறை, நாம் தவறான பாதியைக் கொண்டாடிவிட்டோம் என்பதுதான்.

1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் ஒரு செயல்விளக்கம் காட்டினார். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த தம் சகாவின் முகத்தைத் திரையில் வரவழைத்து, அவரோடு பேசிக்கொண்டே இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்தார்கள். அந்தத் திரையில் முகம் ஒரு மூலையில்தான். நடுவில் இருந்தது எழுத்து. இன்றைய கூட்டச் செயலியைத் திறந்தால் தலைகீழ்: திரை முழுக்க முகங்கள், அல்லது முகம் காட்டாத கறுப்புக் கட்டங்கள். எழுத்தைக் காட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனியாகத் 'திரையைப் பகிர'வேண்டும்.

சேர்ந்து எழுதும் ஆவணம் - கூகல் டாக்ஸ் ஆகட்டும், வேறு எதுவாகட்டும் - அதுவும் அலுவலகத்துக்குப் பயன்படச் செய்ததுதான். ஆனால் அறிக்கை தயாரிப்பவர்கள் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்காத ஒரு மூலை அதில் இருக்கிறது: பதிப்பு வரலாறு. யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை அழித்தார் என்று பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். கட்டுரை கற்பிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? தாளில் முடிந்துபோன வாக்கியத்தைத்தான் பார்த்து வந்தோம். அது எப்படிப் பிறந்தது என்று பார்த்ததே இல்லை.

நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றின் வரலாற்றை ஓட்டிப் பார்த்தேன். கூட்டத்தில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி. இரவு ஒன்பதரைக்கு 'முகம் பார்க்காமல் எடுக்கும் முடிவில் இரக்கம் குறைந்துவிடுகிறது' என்று எழுதியிருக்கிறாள். பத்து நிமிஷம் கழித்து இன்னொருவன், இது பாயிண்ட் இல்லை என்று குறிப்பு எழுதுகிறான். அவள் வாக்கியத்தை அழித்துவிட்டு 'பயண நேரம் மிச்சமாகும்' என்று போடுகிறாள். இறுதிப் படி மட்டும் என் கைக்கு வந்திருந்தால், இவளும் பட்டியல் எழுதுகிறவள் என்று நினைத்திருப்பேன். மறுநாள் அந்த வரியை வகுப்பில் திரையில் போட்டு, இதை வைத்து ஒரு பத்தி எழுதுங்கள் என்றேன். பெயர் சொல்லவில்லை. அவள் மட்டும் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. இந்தத் தலைப்பு கட்டுரையிலும் வரலாம், வாய்மொழி உரையாடலிலும் வரலாம். 'நேரம் மிச்சம்' என்று எழுதினால் அடுத்த வரியில் 'யாருக்கு?' என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சமான நேரத்தில் மேலதிகாரி இன்னொரு கூட்டம் வைத்துவிட்டால் ஊழியருக்கு என்ன மிச்சம்? வீட்டிலிருந்து வேலை செய்யும் அம்மாவைக் கவனித்திருப்பீர்கள். அவர் ஒலியை முடக்கிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவதை எழுதினால் அது உங்கள் கட்டுரை. 'மெய்நிகர்க் கூட்டம்', 'ஒலியை முடக்குதல்', 'காத்திருப்பு அறை' என்ற சொற்கள் கைவசம் இருக்கட்டும். அவை அலங்காரத்துக்கு அல்ல.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. கருவிகள் வாழ்வதும் சாவதும் வணிகக் கணக்கு. 2003இல் வந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. பள்ளிகளில் பிரபலமாக இருந்த ஜாம்போர்டு வெண்பலகையைக் கூகல் 2024 டிசம்பர் இறுதியோடு நிறுத்திவிட்டது. நம் பயிற்சித்தாள்களையும் பிள்ளைகளின் எழுத்தையும் ஒரே செயலிக்குள் பூட்டி வைக்காமல், தவணை முடிவில் சாதாரணக் கோப்புகளாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

என் வகுப்பில் இப்போதைய ஏற்பாடு இது. வீட்டிலிருந்து கற்கும் நாளில் கூட்டம் இருபது நிமிஷம்தான். பணியை விளக்க, சந்தேகம் கேட்க. குழு வேலை ஆவணத்தில். வாசிப்பை மட்டும் கூட்டத்தில் கேட்பதில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இணைப்பு தடுமாறினாலும் குரல் வெட்டுப்படாது.

'லைன் தப்பா?' என்று கேட்ட பையனும் போன மாதம் ஒரு பதிவு அனுப்பினான். முதல் பத்தியைப் பாதி வாசித்து நிறுத்துகிறான். பின்னால், சமையலறைப் பக்கமிருந்து போலிருக்கிறது, அவன் பாட்டியின் குரல்: "பளம் இல்லடா, பழம். நாக்கை மடி." கொஞ்சம் சிரிப்பு. பிறகு முதலிலிருந்து வாசிக்கிறான். பாட்டியின் குரலை வெட்டாமல் அப்படியே அனுப்பியிருந்தான்.