செம்மண் காட்டுக்கு டூ ஸ்ட்ரோக்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

யமஹா ஆர்எக்ஸ் 100ஐ மேட்டுக்காட்டில் ஓட்டத் தயார் செய்கிறவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது சைலன்சர்தான். அடுத்தது சிலிண்டரின் போர்ட் துளைகளைச் சீவி மாற்றும் ‘போர்ட்டிங்’. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள செம்மண்ணிலும் சரளையிலும் இந்த இன்ஜினைப் பல விதமாக மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு என் முடிவு வேறு. முதல் பணம் ஏர் ஃபில்டருக்கும் ஆயில் சீலுக்கும் போக வேண்டும். சைலன்சர் ஆறாவதாக வரட்டும். போர்ட்டிங் வராமலே போனாலும் நட்டமில்லை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் கூட்டணியில் இங்கே தயாரான வண்டி. 98 சிசி, போரும் ஸ்ட்ரோக்கும் தலா 50 மி.மீ.; 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன்; நான்கு கியர்; எடை நூறு கிலோவைச் சற்றுத் தாண்டும். அந்த எடைக்கு அந்தத் திறன் போதுமானது என்பதை வேடசந்தூர் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஏறும்போதே உணரலாம். இழுவை குறைந்திருந்தால் பெரும்பாலும் காரணம் வடிவமைப்பு அல்ல, தேய்மானம். இன்று கைக்குக் கிடைக்கும் வண்டி எதுவானாலும் அதற்கு வயது முப்பதுக்கு அருகில் அல்லது அதற்கும் மேல். அதை மறந்துவிட்டு மேலே மேலே மாற்றங்களை ஏற்றுவதில்தான் இன்ஜின்கள் போகின்றன.

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் தூசி உள்ளே போனால் பிஸ்டன், ரிங், வால்வு கெடும். டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. ஆகவே செம்மண் தூசி போரை மட்டும் தின்பதில்லை. கிராங்க் பேரிங்கையும் கான் ராடின் பெரிய முனையையும் சேர்த்தே தின்கிறது. போரை லேத்தில் கொடுத்து அடுத்த அளவு பிஸ்டன் போட்டுவிடலாம். கிராங்க் போனால் இன்ஜினை முழுதாகப் பிரித்தே ஆக வேண்டும். அழகுக்காகப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார்ப்ரேட்டர் வாயில் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டுகிறார்கள். தார்ச்சாலையில் அது ஓரளவு தாங்கும். முன்னால் ஒரு வண்டி மண்ணைக் கிளப்பிக்கொண்டு போகும்போது தாங்காது. கம்பெனிப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஓரங்களில் காற்றுப் புகாமல் அடைத்து, ஃபில்டர் ஆயில் தடவிய ஃபோமைப் போட்டேன். தூசியான ஓட்டம் முடிந்த ஒவ்வொரு முறையும் ஃபோமை அலசுவது அலுப்பான வேலைதான். ஆனால் இந்த மண்ணில் இதைவிட அதிக ஆயுள் தரும் மாற்றம் வேறில்லை.

அடுத்தது ஆயில் சீல். கிராங்கின் இரு பக்கமும் உள்ள சீல்களில் மேக்னட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். பெட்ரோல் அளவு மாறாமல் காற்று மட்டும் கூடும். கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்று விற்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் கடுமையாக்குகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், சுத்தப் பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் கலவை சுமார் 8 விழுக்காடு வறண்டுவிடும். அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களும் சீல்களும் எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கியதும் சித்திரை வெயிலில் மேடு ஏறும்போது கேட்டுக்கொண்டிருந்த ‘டிங் டிங்’ ஒலி நின்றது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஜெட் விஷயத்தில் திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 270 மீட்டர். அதே மாவட்டத்தின் கொடைக்கானல் 2,100 மீட்டர். மலைக் குளிரையும் கணக்கில் சேர்த்தால்கூட மேலே காற்றின் அடர்த்தி சுமார் 15 விழுக்காடு குறைவு. சமவெளிக்குச் சரியான ஜெட் அங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும். வண்டி இருமும், புகை தள்ளும். அது தொல்லைதானே தவிர ஆபத்து இல்லை. மேலே ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டு அப்படியே சமவெளிக்கு இறங்கி முழு ஆக்சிலேட்டர் கொடுப்பதுதான் ஆபத்து. என் யோசனை: கீழே ஓட்டும் வண்டிக்குக் கீழே உள்ள ஜெட்டே இருக்கட்டும், மலையில் கொஞ்சம் இருமினால் இருமட்டும்.

மலையிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. ஆட்டோலூப் பம்பு சுற்றுக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஏற்ப ஆயிலை அளந்து தரும். அது பழுதானதும் ‘கலந்து ஊத்திக்கலாம்’ என்று கழற்றிவிடுகிறார்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, கியரில் இழுத்துப் பிடித்து வரும்போது பெட்ரோல் அநேகமாக வராது. பெட்ரோலோடு கலந்த ஆயிலும் வராது. இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பம்பு இருந்தால் குறைந்தபட்ச ஆயிலாவது விழும். பம்பைக் கழற்றியவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். பம்பைச் சரிசெய்து வைத்துக்கொள்வதே நல்லது.

இனி சைலன்சர். “அண்ணே, சத்தம் வேணுமா, இழுவை வேணுமா?” என்று எங்கள் மெக்கானிக் கேட்ட கேள்விதான் இதில் எல்லாமே. டூ ஸ்ட்ரோக்கின் எக்ஸ்பான்ஷன் சேம்பர் ஓர் ஊது குழாய் போல ஒலி அலையை வைத்து வேலை செய்கிறது. விரியும் கூம்பிலிருந்து திரும்பும் அலை எரிந்த வாயுவை உறிஞ்சி இழுக்கும். குறுகும் கூம்பிலிருந்து திரும்பும் அலை, வெளியே நழுவிய புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த வித்தையை முழுமையாக்கினார். அவரது 125 சிசி இன்ஜின் 1961ல் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, அந்த அறிவோடு சுசூகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசூகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகளின் வேகத்துக்குப் பின்னால் காடனின் குழாய் இருக்கிறது.

ஆனால் அந்த அலை ஒரு குறிப்பிட்ட சுற்றில்தான் சரியான நேரத்துக்குத் திரும்பும். குட்டைக் குழாய் என்றால் மேல் சுற்றில், நீளக் குழாய் என்றால் கீழ், நடுச் சுற்றில். கடையில் அதிகம் விற்பது நேர்ச்சாலை ஓட்டப் பந்தயத்துக்கான குட்டை வகை. அதை மாட்டி ஓட்டியபோது கீழே ஒன்றுமில்லை. பிறகு எல்லாத் திறனும் ஒரே நொடியில் வந்தது. சரளையில் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. வறண்ட குளத்து மணலில் இன்னும் மோசம். நடுச் சுற்றுக்குச் செய்த நீளக் குழாயில் உச்சவேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் இரண்டாம் கியரிலேயே மேடு ஏற முடிந்தது. அதைவிட மலிவான வழி முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது. இதைச் செய்யாமல் குழாய்க்குப் பணம் கொடுக்காதீர்கள்.

போர்ட்டிங்கைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட்டை 1 மி.மீ. உயர்த்தினால் அது திறந்திருக்கும் அளவு ஏறக்குறைய 5 டிகிரி கூடும். கீழ்ச்சுற்று இழுவை அந்த அளவுக்கு வெளியே போய்விடும். சீவிய உலோகம் திரும்ப ஒட்டாது. ஹெட்டை லேத்தில் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவதும் அப்படியே. மெதுவாக ஓடும் காட்டு ஓட்டத்தில் காற்று அடிக்காது, ஃபின்களில் மண் அப்பியிருக்கும். காற்றுக் குளிர்ச்சியை நம்பிய இன்ஜின் அங்கே ஏற்கெனவே தவிக்கிறது.

இந்தக் கணக்கு நான்கு சக்கர குவாடுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். டூ ஸ்ட்ரோக் குவாடுகளில் புகழ்பெற்றது யமஹா பான்ஷீ, 1987ல் வந்தது. 347 சிசி இரட்டைச் சிலிண்டர், 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக். நம் ராஜ்தூத் 350க்கும் இதே அளவுகள்தான். பான்ஷீயுடையது தண்ணீரில் குளிரும் ஆர்டி 350 எல்சி வழி வந்தது. ஆனால் குவாடின் எடை 170 கிலோவுக்கு மேல். டிஃபரன்ஷியல் இல்லாத ஒரே பின் அச்சு என்பதால் திரும்பும்போது ஒரு சக்கரம் மண்ணை உழுதுகொண்டே வரும். கீழ்ச்சுற்றில் பலமில்லாத குவாடு ஒவ்வொரு வளைவிலும் அமுங்கும். கலிபோர்னியாவின் மணல்மேடுகளில் அது உச்சச் சுற்றிலேயே பறக்கலாம். கல்லும் வரப்பும் மாறி மாறி வரும் நம் காட்டில் நடுச் சுற்றுக் குழாயும் நல்ல ரீடு வால்வும் போதும்.

ஆர்எக்ஸ் 135 பிளாக்கை ஏற்றுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஸ்ட்ரோக் அதே 50தான், போர் 58; கேஸ் வாயை விரித்து ஏற்றுகிறார்கள். இழுவை நிச்சயம் கூடும். ஆனால் ஆர்சி புத்தகத்தில் உள்ள வண்டியாக அது இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. மாற்றிய வண்டியைச் சொந்தக் காட்டிலும் பந்தயத் தடத்திலும் ஓட்டுங்கள். சிறுமலையின் காப்புக்காட்டுப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

என் தீர்ப்பு: பெட்டியோடு கூடிய ஃபோம் ஃபில்டர், புது ஆயில் சீல்கள், எத்தனாலுக்கு ஏற்ற ஜெட், முன்னால் ஒரு பல் குறைந்த ஸ்ப்ராக்கெட், வேலை செய்யும் ஆட்டோலூப். இவை சரியான பிறகும் பணம் மிஞ்சினால் நீளமான நடுச் சுற்றுக் குழாய். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டது. கையிலிருப்பதைச் சீவிவிடாதீர்கள்.