அனுப்புநர் பக்கத்தில் ஒரு லோகோ: பிமி முறை பற்றி ஒரு விமர்சனம்

மாணவர்களே, அலுவல் மின்னஞ்சல் எழுதப் பழகும்போது 'அனுப்புநர்' என்று ஒரு வரி போடுகிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் பெயரையும் எழுதலாம், பள்ளி முதல்வர் பெயரையும் எழுதலாம். தாள் தடுக்காது. உண்மையான மின்னஞ்சலும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தது. 1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை, மடலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றித்தான் கவலைப்பட்டது. எழுதியவர் அவர்தானா என்று அது கேட்கவில்லை. இன்றைக்கு நமக்கு வரும் போலி வங்கி மடல், போலி பார்சல் மடல் எல்லாத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கு.

இந்த ஓட்டையை அடைக்க வந்த முயற்சிகளில் கண்ணுக்கு ஆக அழகானது பிமி. ஜிமெயில், யாஹூ, ஆப்பிள் மெயில் ஆகியவற்றில் சில நிறுவனங்களின் மடலுக்குப் பக்கத்தில், வெறும் முதல் எழுத்துக்குப் பதிலா அந்த நிறுவனத்தின் லோகோவே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்பாடுதான் இது. பள்ளிகளும் சங்கங்களும் சொந்த டொமைன் வைத்துச் சுற்றறிக்கை அனுப்பும் காலத்தில், 'நம்ம லோகோவும் அப்படி வரணுமே' என்று ஆசைப்படுவது இயல்பு. ஆசைப்படும் முன், இந்த முறை எதைச் சாதிக்கிறது, எதைச் சாதித்தது போலக் காட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கணும். என் கருத்தை இப்பவே சொல்லிடுறேன்: பிமியில் உருப்படியான பகுதி, கண்ணுக்குத் தெரியாத பகுதிதான்.

டிஎன்எஸ் என்பது டொமைன் பெயர்களின் பொதுப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஒரு டொமைனுக்குக் கீழே எழுத, அந்த டொமைனைக் கையில் வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். எல்லாம் இந்த ஒரு கருத்தின் மேலேதான் நிக்குது. பிமிக்கு அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு டெக்ஸ்ட் வரி போதும். அதில் மூன்று துண்டுகள். முதலில் 'பிமி1' என்ற பதிப்புக் குறி. அடுத்து 'எல்' என்ற எழுத்தோடு லோகோ கோப்பு இருக்கும் இணைய முகவரி. மூன்றாவதாக 'ஏ' என்ற எழுத்தோடு சான்றிதழின் முகவரி. அவ்வளவுதாங்க. ஒரு நிமிட வேலை.

ஆனா அந்த வரியை மட்டும் போட்டுட்டா லோகோ வராது. அதற்கு முன்னால் வேறு மூன்று பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டியது அதிகம்.

எஸ்பிஎஃப் என்பது, இந்த டொமைன் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். இதில் ஒரு நுட்பம் உண்டு. எஸ்பிஎஃப் பார்ப்பது மடலுறையில் உள்ள முகவரியை. நாம் திரையில் படிப்பதோ உள்ளே இருக்கும் கடிதத் தலைப்பை. உறையில் ஒருவர், தலைப்பில் இன்னொருவர் என்று இருந்தாலும் எஸ்பிஎஃப் 'சரி' என்று சொல்லிவிடும். டிகிம் என்பது மடலோடு வரும் மின்கையொப்பம். அதைச் சரிபார்க்கும் திறவுகோல் டிஎன்எஸ்ஸில் இருக்கும். டிமார்க் இந்த இரண்டையும் கட்டி இழுக்கிறது: ஒன்றாவது தேற வேண்டும், தேறிய டொமைன் திரையில் தெரியும் அனுப்புநரின் டொமைனோடு ஒத்துப்போகவும் வேண்டும். ஒத்துப்போகாத மடலை என்ன செய்வது என்பதையும் டொமைன்காரரே எழுதிவைக்கலாம். 'நன்' என்றால் சும்மா விடு, அறிக்கை மட்டும் அனுப்பு. 'குவாரன்டீன்' என்றால் ஸ்பேமில் தள்ளு. 'ரிஜெக்ட்' என்றால் வாங்காதே.

பலர் 'நன்' போட்டுவிட்டு வேலை முடிஞ்சதுன்னு உட்கார்ந்துடுவாங்க. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் மடல் அனுப்புவோர் டிமார்க் வைத்திருக்க வேண்டும் என்று கூகல் விதித்தது. அதற்கும் 'நன்' போதும். பிமிக்கு அது போதாது. குவாரன்டீனோ ரிஜெக்ட்டோ இருந்தால்தான் லோகோ. மிட்டாயைக் காட்டி மருந்தைக் குடிக்க வைக்கும் வேலை இது. அதை நான் பாராட்டுவேன். உங்கள் டொமைன் பெயரில் யாரோ ஒருவர் பெற்றோருக்குப் போலிக் கட்டண மடல் அனுப்பினால், அதைத் தடுப்பது மருந்துதான், மிட்டாய் இல்லை.

மிட்டாயின் விலையைப் பாருங்கள். ஜிமெயிலில் நீல டிக் கேட்டால் விஎம்சி என்ற சான்றிதழ் வேண்டும். அதற்கு லோகோ வணிகச் சின்னமாகப் பதிவாகியிருக்கணும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்க டாலர் அளவில் கட்டணமும் உண்டு. 2024இல் ஜிமெயில் சிஎம்சி என்ற எளிய சான்றிதழையும் ஏற்கத் தொடங்கியது. பதிவு இல்லாவிட்டாலும் லோகோ குறைந்தது ஓராண்டு பொதுப் பயன்பாட்டில் இருந்தால் போதும். ஆனால் நீல டிக் கிடைக்காது. இதோடு, லோகோ சதுரமான எஸ்விஜி கோப்பாக, பிமிக்கென்று வகுத்த எளிய வடிவில் இருக்க வேண்டும். ஜேபெக் படம் ஒத்துவராது. நம் சங்க லோகோக்களில் தீபம், புத்தகம், சுற்றிலும் வளைந்து ஓடும் சங்கப் பெயர் எல்லாம் இருக்கும். கட்டைவிரல் நகம் அளவில் அது ஒரு கறையாகத்தான் தெரியும். ஆயிரம் டாலர் கொடுத்துக் கறை வாங்குவதா?

பெரிய குறை வேறு. இலக்கணத்தில் சொன்னால் லோகோ ஓர் ஆகுபெயர். 'ஊர் சிரித்தது' என்றால் ஊர்மக்கள் என்று புரிந்துகொள்வது போல, லோகோவைப் பார்த்ததும் நிறுவனம் என்று புரிந்துகொள்கிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். 2023 மே மாதம் ஜிமெயில் நீல டிக் கொடுக்கத் தொடங்கியது. சில வாரங்களிலேயே யூபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் பெயரில் வந்த போலி மடல் ஒன்று லோகோவோடும் டிக்கோடும் வந்து சேர்ந்தது. எஸ்பிஎஃப் மட்டும் தேறினாலே போதும் என்று அப்போது விட்டிருந்ததுதான் காரணம். அதன்பிறகு கூகல் டிகிம்மைக் கட்டாயமாக்கியது.

சிங்கப்பூரில் நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில், ஓசிபிசி வங்கியின் பெயரைத் தாங்கிய போலி எஸ்எம்எஸ்கள், உண்மையான வங்கிச் செய்திகள் வந்த அதே வரிசையில் போய் விழுந்தன. ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். 2023 ஜனவரி முதல் அங்கே அனுப்புநர் பெயரைப் பதிய வேண்டும். பதியாத பெயரில் வரும் எஸ்எம்எஸ், மோசடியாக இருக்கலாம் என்ற அடையாளத்தோடு வருகிறது. அதாவது பதியாதவரின் மேல் குறி விழுகிறது. பிமி இதற்கு நேர் எதிர். பணம் கட்டியவருக்கு அலங்காரம் உண்டு, கட்டாதவருக்கு எந்தக் குறியும் கிடையாது. நேர்மையான பள்ளி மடலிலும் லோகோ இருக்காது, திருட்டு மடலிலும் இருக்காது. லோகோ இல்லாததை வைத்து நாம் என்ன முடிவுக்கு வர முடியும்? போதாக்குறைக்கு, கூகல் கணக்கில் ஒருவர் வைத்த சொந்தப் படமும் ஜிமெயிலில் அதே வட்டத்தில்தான் தெரியும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. 'சரிபார்க்கப்பட்ட அனுப்புநர்' என்பதைச் சிலர் 'நம்பகமான அனுப்புநர்' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சரிபார்க்கப்பட்டது டொமைன் யாருடையது, லோகோ யாருடையது என்பது. மடலில் எழுதியிருப்பது உண்மையா என்று யாரும் சரிபார்க்கவில்லை. கருத்துணர்தல் பயிற்சியில் இந்த இரு சொற்களையும் கொடுத்து வேறுபாடு கேட்கலாம், நல்ல கேள்வியாக அமையும்.

அப்போ சங்கம் என்ன செய்யணும்? எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் போடுங்கள். பெரும்பாலும் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் வரிதான் இருக்க வேண்டும். இரண்டு போட்டால் இரண்டும் வீண். டிமார்க்கை 'நன்'னில் தொடங்கி, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படியுங்கள். செய்திமடல் அனுப்பும் வெளிச் சேவை ஏதாவது விடுபட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகு குவாரன்டீன், பிறகு ரிஜெக்ட். எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போட்டால் உங்கள் சுற்றறிக்கையே போய்ச் சேராது. லோகோவைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

வகுப்பில் ஐந்து நிமிடம் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஏதாவது ஒரு நிறுவன மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் மூல மடலைக் காட்டும் தெரிவை அழுத்துங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் வரும். ஒவ்வொன்றும் தேறியதா என்று மாணவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அனுப்புநர் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.