100 என்றால் எத்தனை?

துகள் கற்றை ஒன்றின் ஆற்றல் நிரமாலையை உருவகப்படுத்தும் மென்பொருளுக்குக் கொடுக்க, பெரும்பாலும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். நோட்பேடில் திறந்தால் இரண்டு பத்தி எண்கள். இடப்பக்கம் ஆற்றல், வலப்பக்கம் துகள்களின் அளவு. அவ்ளோதான். இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு பிரதி எதை வாய்விட்டுச் சொல்கிறது, எதை வாசகருக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறது என்ற கேள்வியைக் கவிதையிடம் கேட்கிறோம். இந்த ஃபைலிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டே கட்டங்கள் உள்ள ஒரு நிரமாலையை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 1 எம்இவி வரை ஒரு கட்டம், 1 முதல் 5 எம்இவி வரை இன்னொன்று. இரண்டுக்கும் நேராக 100 என்று இருக்கிறது. அது கட்டத்துக்குள் விழுந்த துகள்களின் எண்ணிக்கை என்றால் இரண்டிலும் பாதிப் பாதி. சராசரி ஆற்றல் 1.75 எம்இவி. ஒவ்வொரு எம்இவி அகலத்துக்கும் 100 என்றால் இரண்டாவது கட்டத்தில் 400 துகள்கள், சராசரி 2.5 எம்இவி. எண்கள் அப்படியே இருக்கின்றன, கற்றை வேறாகிவிட்டது. கட்டங்கள் சம அகலமாக இருந்தால் இரண்டு வாசிப்பும் ஒரே விடையைத்தான் தரும். ஆகவே பிழை பல ஃபைல்களைத் தாண்டி ஒளிந்தே வரலாம். மென்பொருளும் எச்சரிக்காது, ஏன்னா இலக்கணப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. கதிர்சிகிச்சைக்கான டோஸ் ஆய்வுகளில் இத்தகைய கணக்குகள் பயன்படுகின்றன. அங்கே சராசரி ஆற்றல் கூடினால் எக்ஸ் கதிர் உடலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். சின்ன விஷயமில்லை.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் பராமரிக்கும் ஈஜிஎஸ்என்ஆர்சி இந்தச் சிக்கலை ஃபைலுக்குள்ளேயே தீர்க்கிறது. முதல் வரி தலைப்பு, 80 எழுத்து வரை. இரண்டாவது வரியில் மூன்று எண்கள்: கட்டங்கள் எத்தனை, முதல் கட்டத்தின் கீழ் எல்லை எது, கடைசியாக 0 அல்லது 1. 0 என்றால் கட்டத்துக்கான எண்ணிக்கை, 1 என்றால் ஒரு எம்இவிக்கான எண்ணிக்கை. பிறகு வரிக்கு ஒரு கட்டம்: அதன் மேல் எல்லை, அதன் அளவு. நம் 1.75-க்கும் 2.5-க்கும் நடுவே நிற்பது அந்த ஒற்றை இலக்கம்தான்.

ஜியாண்ட்4 வேறு வழியில் போகிறது. அதன் பொதுத் துகள் மூலத்துக்கு ஆற்றலும் அளவும் மட்டும் உள்ள ஃபைலைக் கொடுக்கலாம். வரிக்கு ஒரு ஜோடி, முன்னுரை கிடையாது. புள்ளிகளுக்கு இடையே நேர்கோடா, மடக்கையா, அடுக்குக்குறியா, ஸ்ப்லைனா என்பது தனிக் கட்டளை. அது ஆற்றலா உந்தமா என்பது இன்னொன்று. வகையீட்டு நிரமாலையா தொகையீட்டு நிரமாலையா என்பது மற்றொன்று. இவையெல்லாம் இருப்பது மேக்ரோ ஃபைலில். வாசகருக்குக் கிடைக்கும் சுதந்திரம் பெரிது. இடைச்செருகும் விதியைத் தேர்ந்தெடுக்கும் அந்த வசதி ஈஜிஎஸ்என்ஆர்சியின் கட்டங்களில் இல்லை.

ஆனாலும் என் சார்பு ஈஜிஎஸ்என்ஆர்சி பக்கம்தான். எண்கள் பயணம் செய்பவை. ஒருவர் நிரமாலையை மட்டும் நண்பருக்கு அனுப்பினால் மேக்ரோ அனுப்பியவரின் கணினியிலேயே தங்கிவிடும். அர்த்தம் ஒரு ஊரில், எண்கள் இன்னொரு ஊரில். ரோலான் பார்த் 1967-இல் ஆசிரியரின் மரணத்தை அறிவித்ததை இலக்கிய வாசகர்கள் கொண்டாடலாம். அளவீட்டு ஃபைலில் ஆசிரியர் செத்துவிட்டால் வாசகர் புதிய அர்த்தத்தைப் படைப்பதில்லை, தப்பான கற்றையைத்தான் படைக்கிறார்.

அதற்காக ஈஜிஎஸ்என்ஆர்சி வடிவத்தைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். எம்இவி என்ற அலகு ஃபைலில் எங்கும் கட்டாயமில்லை. வரிகளில் இருப்பது கட்டத்தின் மேல் எல்லையா நடுப்புள்ளியா என்பதைக் கையேட்டைப் படித்தவர்தான் அறிவார். 0, 1 என்பதற்குப் பதிலாக ஒரு சொல் இருந்திருந்தால் மனிதக் கண்ணுக்கும் புரிந்திருக்கும். கணினி வாசகரை மதித்த அளவுக்கு அந்த வடிவம் மனித வாசகரை மதிக்கவில்லை.

ஆனால் முதல் வரியின் 80 எழுத்துகள் நம் கையில்தான் இருக்கின்றன. அங்கே சும்மா ‘டெஸ்ட்2’ என்று போடாமல் எந்தக் கற்றை, எந்த அலகு, கட்டத்துக்கா எம்இவிக்கா என்று எழுதிவிடலாம். மென்பொருள் அதைக் கணக்கில் சேர்க்காது. அடுத்து அந்த ஃபைலைத் திறப்பவர் சேர்த்துக்கொள்வார்.