ரத்தம் கழுவும் வேலை

ஸ்பைக் லீயின் ‘சை-ராக்’ (2015) படத்தில் ஒரு காட்சி. ஒரு தாய் தெருவில் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவுகிறாள். யாரோ யாரையோ சுட்ட குண்டு அவளுடைய சின்ன மகளின் உயிரை எடுத்துவிட்டது. உடலை எடுத்துப் போய்விட்டார்கள். கறை மட்டும் போகமாட்டேன் என்கிறது. ஐரீன் என்ற அந்தத் தாயாக நடித்திருப்பவர் ஜெனிஃபர் ஹட்சன். சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். 2008இல் அதே நகரத்தில் தன் அம்மாவையும் சகோதரரையும் அக்கா மகனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர்.

துப்பாக்கி வன்முறை என்றதும் சுட்டவனும் செத்தவனும்தான் நம் கண்முன் வருகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதில் பெரும்பகுதி வீட்டுவேலை. கறையைக் கழுவுவது, அடக்கச் செலவுக்குப் பணம் புரட்டுவது, பிழைத்தவனுக்குக் கட்டு மாற்றுவது, மிச்சமிருக்கும் பிள்ளைகளை எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று தினமும் யோசிப்பது. 2016இல் மட்டும் சிகாகோவில் 750க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். குண்டடி பட்டுப் பிழைத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. பெரும்பாலானவர்கள் நகரின் தெற்கு, மேற்குப் பகுதிகளில் வாழும் கறுப்பின மக்கள். அந்தக் கணக்கில் பெண்களின் இந்த உழைப்பு எங்கும் பதிவாவதில்லை.

படம் இந்த வேலையை ஒரே ஒரு காட்சியில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கி.மு. 411இல் ஏதென்ஸில் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘லைசிஸ்ட்ராட்டா’ நாடகத்தைச் சிகாகோவின் எங்கிள்வுட் பகுதிக்குக் கொண்டுவருகிறார் லீ. மோதிக்கொள்ளும் இரண்டு கும்பல்கள். ஒரு கும்பல் தலைவனின் காதலி லைசிஸ்ட்ராட்டா. துப்பாக்கியைக் கீழே வைக்கும்வரை ஆண்களுக்குப் படுக்கையில் இடமில்லை என்று பெண்களைச் சபதம் எடுக்க வைக்கிறாள். வசனம் எதுகையோடு ஓட, பாட்டும் ஆட்டமும் கேலியுமாகப் படம் போகிறது. பல இடங்களில் நானும் சிரித்தேன்.

மூல நாடகம் ஓர் ஆண் எழுதி, ஆண்களே பெண்வேடம் கட்டி நடித்த நகைச்சுவை. ஆனாலும் அதில் ஒரு விவரம் உண்டு. இளம்பெண்கள் படுக்கையை மறுக்கும்போது, வயதான பெண்கள் அக்ரோபொலிஸைக் கைப்பற்றுகிறார்கள். போருக்குச் செலவழியும் கருவூலம் அங்கேதான் இருக்கிறது. ஆசையோடு பணத்தையும் நிறுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். லீயின் பெண்களும் ஒரு ராணுவக் கிடங்கைக் கைப்பற்றுகிறார்கள். ஆனால் துப்பாக்கி விற்றுச் சம்பாதிப்பவனின் கல்லாவில் அவர்கள் கை வைப்பதில்லை. சிகாகோவில் காவல்துறை கைப்பற்றும் துப்பாக்கிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து வருகிறது என்கிறது 2017இல் வெளியான மாநகராட்சி அறிக்கை.

படம் இந்த அரசியலைப் பேசாமல் இல்லை. அதை விரிவாகப் பேசுபவர் ஒரு வெள்ளையினப் பாதிரியார். சிறுமியின் அடக்க ஆராதனையில் வேலையின்மை, சிறை, துப்பாக்கி வணிகம் என்று அவர் அடுக்க, அந்தத் தெருக்களிலேயே வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். மிஸ் ஹெலன் என்ற படிப்பாளி மட்டும் விதிவிலக்கு. லைபீரியாவில் போரை நிறுத்தப் போராடிய பெண்களைப் பற்றி லைசிஸ்ட்ராட்டாவுக்குத் தெரியவருவது அவள் மூலமாகத்தான். ஆனால் 2003இல் அந்தப் பெண்கள் வெள்ளை உடையில் நாள்கணக்காக வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அக்ராவில் பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தையே மறித்தார்கள். படுக்கை மறுப்பால் ஊடகங்களின் கவனம் கிடைத்தது, மற்றபடி பெரிய பலனில்லை என்று அவர்களுக்குத் தலைமை தாங்கிய லேமா போவீயே எழுதியிருக்கிறார். படம் அந்தப் பலனில்லாத பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

படத்தோடு எனக்குள்ள பெரிய சண்டை வேறு. ஒரு பெண் ‘முடியாது’ என்றால் இங்கே ஆண்கள் புலம்புகிறார்கள், கெஞ்சுகிறார்கள், கடைசியில் பணிகிறார்கள். நிஜத்தில் அவள் அப்படிச் சொல்லும் நேரம்தான் அவளுக்கு மிக ஆபத்தான நேரம். ஹட்சனின் குடும்பத்தினர் கும்பல் சண்டையில் சாகவில்லை. அந்தக் கொலைகளுக்காக 2012இல் தண்டிக்கப்பட்டவன், அவருடைய அக்காவைப் பிரிந்திருந்த கணவன். 2018 நவம்பரில் சிகாகோவில் ஒரு பெண் மருத்துவர் தான் வேலை பார்த்த மருத்துவமனையின் வாகன நிறுத்தத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவனோடு நடக்கவிருந்த திருமணத்தை அவர் முறித்திருந்தார். அவன் வந்து கேட்டது நிச்சயதார்த்த மோதிரத்தை. பெண்ணை அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டுமானால், அவள் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்காகிறது என்று 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தெருவுக்கும் வீட்டுக்கும் துப்பாக்கி ஒன்றுதான். மறுப்பை ஆயுதமாகத் தருகிற படம், மறுத்ததற்காகச் செத்தவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பெண்கள் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டீவ் ஜேம்ஸின் ‘தி இன்டரப்டர்ஸ்’ (2011) ஆவணப்படத்தைப் பாருங்கள். ஒரு பழைய கும்பல் தலைவரின் மகளான அமீனா மாத்யூஸ், பழிவாங்கக் கிளம்பும் இளைஞர்களுக்கு நடுவே போய் நின்று பேசுகிறார். திட்டுகிறார், அணைத்துக்கொள்கிறார், மறுநாளும் வருகிறார். அவர் யாரையும் மயக்கவில்லை. ‘சை-ராக்’ வெளிவந்த அதே 2015இல், அதே எங்கிள்வுட்டில், தாமர் மனாசே என்ற தாய் ஒரு தெருமுனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்றத் தாய்மாரும் சேர்ந்தார்கள். அங்கேயே சமைத்து, வருகிற பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் காவல் இருந்தார்கள். 2019 ஜூலையில் அந்தத் தெருமுனையிலேயே அவர்களில் இரண்டு தாய்மார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அங்கே நாற்காலிகள் போடப்பட்டன.

இதைத் தியாகம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. புகழ்ந்துவிட்டால் நகரத்தின் கடமை முடிந்துவிடும். அரசும் காவல்துறையும் துப்பாக்கிக் கம்பெனிகளும் செய்யத் தவறியதைச் சில பெண்கள் சம்பளமில்லாமல், உயிரைப் பணயம் வைத்துச் செய்கிறார்கள். பெண்களின் வேலைநிறுத்தத்தைப் படமாக்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டியது இந்த வேலையைத்தான். ஐரீன் பிரஷைப் போட்டுவிட்டு எழுந்து போகட்டும். அந்தக் கறையைக் கழுவ வேண்டியவர்கள் யார் என்று அப்போதாவது படம் கேட்டிருக்கும்.