பக்கவாத்தியம் இல்லாத கச்சேரி

கருவிகளே இல்லாமல் குரல்களால் மட்டும் பாடும் அ கப்பெல்லா நிகழ்ச்சிகளில் பலத்த கைதட்டல் பெரும்பாலும் வாயாலேயே டிரம்ஸ் வாசிப்பவருக்குத்தான் விழுகிறது. 2011இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பென்டடானிக்ஸ் குழு இந்த ருசியை உலகெங்கும் பரப்பிவிட்டது. அவர்கள் திறமையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கருவி இல்லாத குறையே தெரியாதபடி பாடுவதுதானா இந்தக் கலையின் உச்சம்? குரலோடு குரல் இழையும் இடத்தில் அல்லவா நேரில் கேட்பவருக்கு உண்மையான விருந்து இருக்கிறது.

அமெரிக்கப் பார்பர்ஷாப் பாணியில் பாடுபவர்கள் நான்கே பேர். மெட்டு லீடிடம், அவருக்கு மேலே டெனர், அடியில் பேஸ், விடுபட்ட சுரத்தை நிரப்ப பாரிடோன். பியானோவில் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தைவிட, அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் தூக்கலாக இருக்கும். பக்கத்தில் பியானோ இல்லாததால் இவர்கள் அதைக் கொஞ்சம் இறக்கி நிறுத்திவிடுகிறார்கள். உடனே நால்வரின் குரல்களிலும் உள்ள மேலதிர்வுகள் பொருந்தி, யாருமே பாடாத ஓர் உச்ச ஒலி காதில் விழுகிறது. அதற்காகவே கடைசிக் கார்வையை விடாமல் பிடித்து நிற்பார்கள். சுத்தமாகச் சுருதி சேர்த்த தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அதிசயமல்ல. வருத்தம் வேறு இடத்தில். கறுப்பின மக்களின் பாட்டு மரபில் வேர்கொண்ட பாணி இது; இதைப் போற்ற 1938இல் டல்சா நகரில் தொடங்கிய சங்கமோ 1963 வரை அவர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் இசிகத்தமியா பாணியில் கணக்கே வேறு. வேலை தேடி நகரத்துக்கு வந்து விடுதிகளில் தங்கிய ஜூலு ஆண்கள் வளர்த்தது இது. சனி இரவு தொடங்கும் போட்டி ஞாயிறு விடியும்வரை நடக்கும். ஒரே மாதிரி கோட்டு சூட்டு, பல குழுக்களில் வெள்ளைக் கையுறையும் உண்டு. பத்துப் பேர் நின்றால் பெரும்பாலோர் பேஸ். தலைவர் மேலே ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, தரை அதிர்வதுபோல் அடியிலிருந்து பதில் வரும். கால்களோ சத்தமில்லாமல் தரையைத் தொடும். ஜோசப் ஷபலாலாவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு, 1986இல் பால் சைமனின் கிரேஸ்லாண்ட் தொகுப்பு வழியாக இதை உலக மேடைக்குக் கொண்டுபோனது. இந்தப் பாணியின் முன்னோடியான சாலமன் லிண்டாவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அவர் 1939இல் பதிவுசெய்த ‘ம்பூபே’ பாட்டு உலகைச் சுற்றிப் பலருக்குப் பணம் கொட்டியது; அவரோ 1962இல் வறுமையில் இறந்தார். அந்தப் பணத்தில் பங்கு கேட்டுப் பிள்ளைகள் போட்ட வழக்கு 2006இல்தான் சமரசத்தில் முடிந்தது.

தமிழில் 1993இல் ‘திருடா திருடா’வுக்காக ஷாகுல் ஹமீதும் கோரஸ் குரல்களும் மட்டுமாக ஏ.ஆர். ரஹ்மான் ஒரு பாட்டு செய்தார். ஒலிப்பதிவுக் கூடத்தின் சாதனை அது. மேடையில் இங்கே அ கப்பெல்லாவுக்கென்று ஒரு மரபு வளரவில்லை.

மேடையில் நேரில் கேட்பதன் அருமைக்கு இன்னோர் உதாரணம்: 1968இல் தொடங்கிய பிரிட்டனின் கிங்ஸ் சிங்கர்ஸ் குழுவில் ஆறு ஆண்கள், நடத்துநர் கிடையாது. எடுப்பைச் சொல்வது ஒருவர் இழுக்கும் மூச்சுதான். முன்வரிசையில் உட்கார்ந்தால் அந்த மூச்சும் கேட்கும், ஒருவரையொருவர் பார்த்துச் சுருதியைத் திருத்திக்கொள்வதும் தெரியும். ஆனால் ஆளுக்கொரு மைக் வைத்துவிட்டால் எந்தக் குரல் தூக்கல், எது அடக்கம் என்பதையெல்லாம் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவரே தீர்மானிக்கிறார். டிக்கெட் வாங்குமுன் மைக் உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.